நாற்றங்காலில் இருப்பது ஒரே செடி

அடையாறு,
சனிக்கிழமை.

அன்புள்ள லாவண்யாவுக்கு,

நலம்தானே? நீ ஃபோனை எடுப்பதில்லை. அதனால் மின்னஞ்சலில் எழுதுகிறேன். மயிலாப்பூரில் உன் அம்மாவைப் பார்த்தேன். முட்டிவலி பரவாயில்லை. டேராடூன் குளிரில் நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததுபோல் ஆமாம் என்றேன்.

நம் கல்லூரி நாற்றங்காலில் அந்த அழிந்துவரும் செடியின் கன்றுகள் பூத்தும் ஏன் காய்ப்பதில்லை என்று தேனீக்களைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். எல்லாக் கன்றுகளின் இலைகளிலும் மரபணுச் சோதனை செய்தேன். எல்லாம் ஒரே செடி. நான் நம்பவில்லை. இலைகள் கலந்திருக்கும் என்று நானே மறுபடி பறித்துச் செய்தேன். அதே முடிவுதான். சுலபமாக வேர் பிடிக்கிறதென்று பாதையோரத்து ஒரே புதரிலிருந்தே நீ எல்லாக் குச்சிகளையும் வெட்டி நட்டிருக்கிறாய். தன் மகரந்தத்தில் தானே காய்க்காத செடி இது. நூற்றுக்கணக்கில் காப்பாற்றினோம் என்று பாராட்டு விழா மேடையில் நீ சொன்னது ஒன்றைத்தான்.

வேறு மரபணு உள்ளது பெருங்குடியில் முத்துகிருஷ்ணன் மனையில் நிற்கும் கிழட்டுப் புதர் மட்டும். அதன் குச்சிகள் என்னிடம் அழுகிப்போகின்றன. வேர் பாறையிடுக்கில் இறங்கியிருக்கிறது, பெயர்த்தால் பிழைக்காது. இப்போது மொட்டு விட்டிருக்கிறது; பூத்ததும் நம் கன்றுகளின் மகரந்தத்தை அதில் இடலாம். காய்க்கும்வரையாவது அது நிற்க வேண்டும். திங்கட்கிழமை காலை மனையைச் சமன்படுத்த அங்கே ஜேசிபி வருகிறது.

நேற்று தி. நகரில் அவருடைய ஜவுளிக்கடைக்கே போனேன். காபி வரவழைத்தார். சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, கோபமில்லாமல்தான் பேசினார்.

"லாவண்யா மேடம் இனி இந்தச் செடிக்கு அழிவே இல்லன்னு மைக்ல சொன்னாவ. நாந்தான் பொன்னாட போத்துனேன். இப்ப நீங்க வந்து இல்லங்கிய. அவுகளே சொல்லட்டும், மெஷின நிறுத்திருதேன்."

நான் வாதாடிப் பார்த்தேன். கல்யாணப் புடவைக்கு வந்தவர்கள் பக்கம் திரும்பிவிட்டார்.

அந்த விழாவுக்குப் பிறகுதான் உனக்கு டேராடூனில் இந்த வேலை கிடைத்தது. இன்னும் நிரந்தரமாகவில்லை என்பதும் தெரியும். நீ இதைச் சொன்னால் அங்கே ஒன்றும் ஆகாது என்று நான் ஆறுதல் சொல்லப்போவதில்லை. ஆகலாம். நாற்றங்கால் பற்றிய அறிக்கையில் என் பெயரும் இருக்கிறது. கேட்பவர்களிடம் தவறு நம் இருவருடையது என்றே சொல்வேன். அதற்குமேல் என்னிடம் தர ஒன்றுமில்லை.

என்னிடம் பேச வேண்டாம். அவரிடம் பேசு, நாளைக்குள். அவருடைய எண்ணை இதோடு இணைத்திருக்கிறேன்.

தொழுதபின் எதையும் கேட்கும் பழக்கம் எனக்கில்லை என்பது உனக்குத் தெரியும். இன்று கேட்டேன். செடிக்காக இல்லை, உனக்காக.

என்றும் உன்,
அஃப்சருன்னிசா