முன்னால் வராத மரம்

மார்ச் 4

கல்லூரியில் எங்கள் இயற்பியல் துறையின் பழைய அலமாரியைத் திறந்துவிட்டார்கள். கண்காட்சிக்கு முன் ஒவ்வொரு கருவியையும் துடைத்து, அது வழியாகப் பார்த்து, அட்டையில் பெயரும் பயனும் எழுதவேண்டும். முதுகலை முடித்தவனுக்குக் கிடைத்த வேலை. என் கையெழுத்து அழகாக இருக்கிறதாம்.

மாலையில் பெயர்களை அக்காவுக்கு ஒப்பித்தேன். கலைடாஸ்கோப். ஸ்பெக்ட்ரோஸ்கோப். பெரிஸ்கோப். பார்வை போன பிறகு அவளுக்குப் பெயர்கள் மேல் ஒரு பசி.

"எல்லாம் ஸ்கோப்பு ஸ்கோப்புன்னே முடியுதே, ஒரே வீட்டுப் பிள்ளைங்களா?"

"ஆமா. ஸ்கோப்புன்னா பாக்குறதுன்னு அர்த்தம்."

"அப்ப என்னை அந்தக் குடும்பத்துல கட்டிக்குடுத்துடாதீங்க. ஒத்துவராது."

சிரித்தேன். அவள் சிரித்தால் நாங்களும் சிரிக்கவேண்டும். வீட்டுச் சட்டம்.

மார்ச் 6

ஆஃப்தால்மோஸ்கோப். நடுவில் துளையிட்ட சின்ன ஆடி. டாக்டர் அந்தத் துளை வழியாக நோயாளியின் கண்ணுக்குள் பார்ப்பார். அட்டை எழுதவில்லை. நாளை.

மார்ச் 7

இன்றும் எழுதவில்லை. அக்காவுக்கு முதலில் ஒரு கண்தான் மங்கியது. பிறகு மற்றது. "தம்பியையும் வருஷா வருஷம் கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டர். போன வருடம் போகவில்லை. இந்த வருடமும். பயமா? சோம்பல் என்று வைத்துக்கொள்வோம்.

மார்ச் 11

ஸ்டீரியோஸ்கோப். மரச்சட்டத்தில் இரண்டு வில்லைகள், எதிரே ஒரே காட்சியின் இரண்டு படங்கள். இரு கண்ணாலும் பார்த்தால் படங்கள் ஒன்றாகி மரம் முன்னால் வரவேண்டும், பாதை பின்னால் போகவேண்டும். வரவில்லை. போகவில்லை. சுவரொட்டி போலத் தட்டை.

வில்லைகளைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். படத்தை முன்னும் பின்னும் நகர்த்தினேன். தட்டை.

எழுதிவிட்டேன்: பழுது.

மார்ச் 13

"பழுதானதை எதுக்கு வெக்கணும்? கழிச்சுக் கட்டு" என்றார் துறைத்தலைவர். பழைய சாமான் அறைக்கு எடுத்துப்போகும் வழியில் டைப்பிஸ்ட் அம்மா மறித்தார். "குடு தம்பி, ஒரு தடவ." கண்ணில் வைத்தவர் தலையைப் பின்னால் இழுத்தார்.

"ஐயய்யோ! கிளை மூக்குல குத்துதுப்பா!"

"தெரியுதா?"

"தெரியுதாவா? கைய நீட்டினா இலை பறிக்கலாம். இதையா தூக்கிப் போடுறீங்க? கண்ணு அவிஞ்சு போச்சா உங்களுக்கெல்லாம்?"

வெறும் வசவு. அவருக்கு என்ன தெரியும்.

கருவியை உள்ளே வைத்துப் பூட்டினேன்.

மார்ச் 14

வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். ஜன்னல் கம்பி நடுவில் வளைகிறது.

மார்ச் 15

மறுபடி. வளைகிறது. ஏன்டா இத்தனை நாள் — இல்ல, நல்ல கண்ணு ரெண்டு கண்ணு வேலையையும் சேத்துப் பாத்துக்கிட்டு இருந்திருக்கு. அதான் தெரியல. வில்லையப் போய்த் துடைச்சிருக்கேன்.

மார்ச் 19

டாக்டர். தாடையை வை, நெற்றியை ஒட்டு, மேலே பார். வெளிச்சம். அலமாரியில் இருக்கும் ஆஃப்தால்மோஸ்கோப்பின் பேரப்பிள்ளை. இந்த முறை நான் துளைக்கு மறுபக்கம்.

"அக்காவுக்கு வந்ததுதான். இன்னொரு கண்ணை முடிஞ்சவரைக்கும் காப்பாத்துவோம்."

முடிஞ்சவரைக்கும்.

வீட்டில் சொல்லவில்லை.

மார்ச் 21

ஸ்டீரியோஸ்கோப்பைத் திரும்ப எடுத்து வந்தேன்.

"பழுதுன்னு சொன்னியே?" என்றார் துறைத்தலைவர்.

"நான் தப்பா பாத்துட்டேன் சார்."

"தப்பா பாக்குறதுக்கு அதுல என்னப்பா இருக்கு?"

புது அட்டை: நல்ல நிலையில் உள்ளது. ஆஃப்தால்மோஸ்கோப் அட்டையையும் எழுதி முடித்தேன்.

ஏப்ரல் 2

கண்காட்சி. ஒவ்வொருவராக ஸ்டீரியோஸ்கோப்பில் கண்ணை வைத்துத் தலையைப் பின்னால் இழுக்கிறார்கள். எல்லோருக்கும் மூக்கில் கிளை.

ஏப்ரல் 20

அக்கா கேட்டாள், "மிச்சப் பேரெல்லாம் எங்கடா?" தீர்ந்துபோச்சு என்றேன். தீரவில்லை.

அக்டோபர் 9

எழுதிக்கொண்டிருந்தேன். அக்கா எதிரே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா, இப்பல்லாம் படபடன்னு பக்கம் புரட்டுற? அவ்வளவா எழுதுற?"

"ஆமா."

"புளுகாத. பேனா சத்தம் அவ்வளவு இல்லையே."

துணி உதறும் சத்தம் நின்றது.

"எழுத்து பெருசாயிடுச்சா?"

பேனாவை மூடினேன். அதுவும் அவளுக்குக் கேட்டிருக்கும்.

"எந்தக் கண்ணுடா?"

"ரெண்டும்."

அக்கா மடித்த துணிகளைத் தள்ளி வைத்துவிட்டுத் தன் பக்கத்தில் இடம் விட்டாள்.