ஒரு முஷ்டியும் ஒரு கட்டைவிரலும்

கோஜே, அக்டோபர் 12

அன்புள்ள அப்பாவுக்கு டோக்சு வணங்கி எழுதுவது. மூட்டுவலி தேவலையா? அம்மா இருமல் மருந்தைக் குடிக்கிறார்களா?

கப்பல் கட்டும் தளத்தில் வேலைக்குக் குறைவில்லை. ஞாயிறுதோறும் வில் மைதானத்துக்குப் போகிறேன். ஒரு மாதமாக நாண் இடது மணிக்கட்டிலேயே அடித்தது. நாணை மாற்றினேன், வில்லைத் திட்டினேன். கூட எய்யும் பியோன் அக்கா தன் முஷ்டியை வில்லில் வைத்துப் பார்த்துவிட்டு, "நாண் பிடிக்கு ரொம்பக் கிட்ட நிக்குது. வில்லு மேல ஏன்டா பழி போடுற, நீ அளந்த லட்சணம் அப்படி" என்றார்.

எப்போதும்போலத்தான் அளந்தேன். வில்லின் பிடியில் இடது முஷ்டியை ஊன்றிக் கட்டைவிரலை நிமிர்த்தினால் நுனி நாணைத் தொட வேண்டும். அந்த நுனிதான் இப்போது இல்லை. ஆகஸ்டில் இரும்புத் தகட்டில் மாட்டிக்கொண்டது. நகத்தளவுதான் போனது, ஆறிவிட்டது. நாண் இழுக்கும் வலது விரலுக்கு ஒன்றுமில்லை.

வலது கையால் அளந்தால் போதும் என்கிறார் அக்கா. போதும்தான். ஆனாலும் நம் இருவருக்கும் ஒரே அளவுக் கையுறைதானே சேரும்? உங்கள் இடது முஷ்டியைத் தாளில் வைத்து, கட்டைவிரலோடு சுற்றிக் கோடு போட்டு அனுப்புங்கள்.

அம்மா தூங்கும்போது வரையுங்கள். எதற்கென்று கேட்பார்கள். ஷிப்ட் பஸ் வந்துவிட்டது.

டோக்சு