குளிப்பாட்ட மறந்த குதிரை

அன்புள்ள அப்பாவுக்கு, மெல்பர்ன் லாயத்திலிருந்து பிரிட்ஜெட். முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

சனிக்கிழமை நான் பராமரிக்கும் குதிரை ஜூனிப்பர் பந்தயத்தில் ஜெயித்தது. வெற்றி உறுதியானால் நம் பந்தயக்காரர்கள் "ஹோம் அண்ட் ஹோஸ்ட்", வீடு வந்து குளிச்சாச்சு என்பார்களே, அதைக் கத்திக்கொண்டே போட்டோவுக்கு ஓடிவிட்டேன். ஓடி முடித்ததும் தண்ணீர் ஊற்றிச் சூட்டைத் தணிக்க வேண்டிய குதிரை, வெயிலிலேயே நின்று தள்ளாடிப்போனது.

"வீடு வந்துடுச்சு, சரி. குளிப்பாட்டினது யாரு, மகாராணி?" என்றார் முதலாளி மெர்வ்.

பயப்படாதீர்கள், இப்போது நன்றாகத் தின்கிறது. என்னைக் கண்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

நம் குதிரைகளைத் தேய்க்கும் பழைய ஸ்பாஞ்சை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், அந்த வாசனை இருக்கட்டும்.

குதிரைகளை ஏற்றும் லாரி ஹாரன் அடிக்கிறது, கிளம்ப வேண்டும். ஊரில் என்னைப் பற்றியும் "வீடு வந்து குளிச்சாச்சு" என்று சொல்லிப் பெருமைப்படுகிறீர்களாமே. வேண்டாம் அப்பா. நான் இன்னும் வீடு வந்து சேரவில்லை.

பிரிட்ஜெட்