சம்பந்தியம்மாவின் இருமல்

மே 4

அன்பு மாப்பிள்ளைக்கு, அத்தை எழுதுகிறேன்.

நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அதனால் இருக்கிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? துறைமுகக் கிடங்கில் மூட்டை தூக்கினால் முதுகு போய்விடும் என்று நம்மிடம் பால் வாங்கும் தையல்காரர் சொன்னார். முழங்காலை மடக்கிக் குனிந்து தூக்குங்கள்.

எழுத வந்த விஷயம், சம்பந்தியம்மாவுக்கு இருமல். உங்கள் குதிரையை இப்படிச் சொல்கிறேனே என்று கோபிக்காதீர்கள். "எனக்கு மாமியார் இல்லாத குறையை இவ தீர்த்துட்டாம்மா. காலையில கொஞ்சம் லேட்டானா கதவை உதைக்கிறா" என்று என் மகள் கல்யாணமான புதிதில் சொன்னதிலிருந்து எனக்கு அவள் சம்பந்திதானே.

காய்ச்சல் இல்லை. தீனி தின்கிறாள். பால் வண்டியில் பூட்டித் தெருவில் போகும்போது ஒன்றும் இல்லை. லாயத்துக்குள் வந்து நின்றால் கழுத்தை நீட்டி நீட்டி இருமுகிறாள். வயிறெல்லாம் குலுங்குகிறது. ஆவி பிடிக்கட்டும் என்று வெந்நீர் வைத்தேன். வாளியைக் கவிழ்த்துவிட்டு, 'வேறென்ன வச்சிருக்கே' என்பதுபோல் பார்த்தாள்.

என்ன செய்யட்டும்? எழுதுங்கள். நேரில் வந்து சொன்னால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
அத்தை

மே 13

அத்தைக்கு,

கடிதம் கிடைத்தது. கால்நடை டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். தீனியைக் குறைக்க வேண்டாம்.

லாயத்தில் எதையும் நகர்த்தாதீர்கள். முக்கியமாக அந்தப் புல் போரை யாரும் தொடக் கூடாது. டாக்டராக இருந்தாலும் சரி.

வருவேன். இப்போது முடியவில்லை. தெரு முனை வரைக்கும் நினைத்துப் பார்க்கிறேன், அதற்கு மேல் கால் வரமாட்டேன் என்கிறது.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை

மே 29

அன்பு மாப்பிள்ளைக்கு,

டாக்டரம்மா வந்தார். சின்ன வயசு, கை மட்டும் பெரிய கை. நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், வாயைத் திறந்து பார்த்தார். மருந்து கொடுத்தார். மருந்து தீர்ந்தது, இருமல் தீரவில்லை. வேறு மருந்து கொடுத்தார். "எனக்கே பிடிபடலைம்மா" என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னாரே, அதற்கே அவர் மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது.

தெருவில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். தொண்டையில் முள் என்கிறார் செருப்புக் கடைக்காரர். தையல்காரர் மனைவியோ, "அது இருமலே இல்லக்கா, ஏக்கம். உன் பொண்ணைத் தேடுது" என்கிறாள். எனக்கும் கொஞ்ச நாள் அப்படித்தான் தோன்றியது.

விலா எலும்பு தெரிகிறது மாப்பிள்ளை. அவள் இருமும்போதெல்லாம் எனக்கு ஆஸ்பத்திரிக் கட்டில்தான் ஞாபகம் வருகிறது. இன்னொரு தடவை ஒரு மூச்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ண என்னால் ஆகாது. ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

அத்தை

ஜூன் 10

அன்பு மாப்பிள்ளைக்கு,

காரணம் கண்டுபிடித்தாகிவிட்டது. எப்படி எழுதுவது என்று தெரியாமல் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெளியே இருமாதவள் உள்ளே ஏன் இருமுகிறாள் என்று டாக்டரம்மா லாயத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். போருக்குப் பின்பக்கம் கையை விட்டுக் கொஞ்சம் புல்லை உருவி வெயிலில் உதறினார். புகை மாதிரி எழும்பியது. அவருக்கே தும்மல் வந்தது.

"உள்ள பூரா பூசணம். இந்தத் தூசிதான் நெஞ்சுக்குள்ள போகுது. ஈரம் காயறதுக்கு முன்னாடியே யாரோ அடுக்கியிருக்காங்க" என்றார்.

"அவளைக் குறை சொல்லாதீங்க டாக்டரம்மா. காய்ச்சலோட அடுக்கினா" என்றேன்.

"யாரு?"

என் மகள் என்றேன். புல்லை அறுத்துக் கொண்டுவந்து அடுக்கிவிட்டு, அசதியில் அதன் மேலேயே மத்தியானம் படுத்துத் தூங்கினாள், சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம், திரும்பி வரவில்லை என்று சொன்னேன். படுத்த இடம் குழிந்து அப்படியே இருப்பதைக் காட்டினேன். இந்த வீட்டில் அவள் கடைசியாகப் படுத்த இடம் அது, மாப்பிள்ளை தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றேன்.

அந்தப் பெண், "போரு இருந்தா குதிரை இருக்காதும்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார்.

நீங்கள் வாருங்கள். வந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அதன் பக்கத்தில் இருங்கள். நான் உள்ளே வரமாட்டேன். அப்புறம் இரண்டு பேருமாக எடுத்துவிடலாம்.

அத்தை

ஜூன் 19

அத்தைக்கு,

போரை எடுக்க வேண்டாம்.

குதிரையை வெளியே கட்டுங்கள். முடியாவிட்டால் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். குதிரை போனால் வேறு குதிரை உண்டு.

நான் இங்கே தங்கியிருக்கும் அறையில் ஆறு பேர். யாருக்கும் என் கதை தெரியாது. கண்ணை மூடினால் அந்தக் குழி தெரிகிறது. அது அங்கே இருக்கிறது என்ற தைரியத்தில்தான் எழுந்து வேலைக்குப் போகிறேன். அதையும் எடுத்துவிட்டால் அந்த வீட்டுக்கு நான் எதற்கு வர வேண்டும்?

மாப்பிள்ளை

ஜூலை 6

அன்பு மாப்பிள்ளைக்கு,

நீங்கள் சொன்னபடி வெளியேதான் கட்டினேன். மழை பிடித்துக்கொண்டது. சாக்கு போர்த்தினேன், அதுவும் நனைந்து அவளும் நடுங்கினாள். சிமெண்டுக் கடைக்காரரிடம் கிடங்கில் ஓரமாக இடம் கேட்டேன். "குதிரை லத்தி போட்டா என் மூட்டையை எவன் வாங்குவான்? நீ வந்து இருக்கிறதுன்னா சொல்லுக்கா, இடம் தர்றேன்" என்றார். வேறு யாரிடமாவது கொடுக்கவும் பார்த்தேன். இருமுகிற குதிரையைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் இல்லை.

வேறு வழியில்லாமல் உள்ளே கொண்டுவந்தேன். மூச்சு வாங்கி முன்னங்கால் மடிந்து உட்கார்ந்துவிட்டாள். வயிறு துருத்தி மாதிரி ஏறி இறங்கியது. ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் போர். நடுவில் நான் நின்றேன்.

எடுத்துவிட்டேன் மாப்பிள்ளை.

அதற்கு முன்னால் அந்தக் குழியில் ஒரு தடவை படுத்தேன். அவள் முழங்காலை மடக்கிய இடம், முழங்கை ஊன்றிய இடம், எல்லாம் பெற்றவளுக்குத் தெரியாதா? அதிலேயே என்னை ஒடுக்கிக்கொள்ளப் பார்த்தேன். என் உடம்பு பெரிசு. புல் சரிந்துவிட்டது. எழுந்து பார்த்தால் நான் படுத்த குழி கிடந்தது. அவளுடையது இல்லை. அதன் பிறகு எல்லாவற்றையும் வாரி வெளியே போட்டேன். மழையில் எரிக்க முடியவில்லை, குப்பை வண்டியில் ஏற்றிவிட்டேன். லாயத்தைக் கழுவி விட்டேன்.

சம்பந்தியம்மா தேறிவிட்டாள். இருமல் அடியோடு நின்றுவிட்டது. புல்லைத் தண்ணீரில் நனைத்துத்தான் வைக்கிறேன். அவள் உடம்பு பளபளவென்று இருக்கிறது. நேற்று வண்டியோடு ஓட்டம் பிடித்தாள். பால் வாங்க வந்தவர்கள் பாத்திரத்தோடு எங்கள் பின்னால் ஓடிவந்தார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு நான் சிரித்தேன். சிரித்ததும் உங்களிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது.

செய்தது நான். கோபத்தை என் மேல் வையுங்கள், குதிரை மேல் வைக்காதீர்கள். திட்டியாவது எழுதுங்கள்.

அத்தை

ஜூலை 24

இதைக் கொண்டுவருபவரிடம் குதிரையையும் சேணத்தையும் ஒப்படைக்கவும். விலை பேசி முடித்தாகிவிட்டது.

ஜூலை 27

அன்பு மாப்பிள்ளைக்கு,

நீங்கள் அனுப்பிய ஆள் வந்தார். கடற்கரையில் பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றி நடத்துகிறவராம். நல்ல மாதிரியாகத்தான் தெரிகிறார். வந்ததும் வயசு பார்க்கக் குதிரையின் வாயைத் திறக்காமல் கண்ணைப் பார்த்தார்.

"இருமுற குதிரைன்னு கேள்விப்பட்டு வேண்டாம்னுட்டேன்மா. அவருதான் உங்க லெட்டரைக் காட்டினாரு. பெத்தவ பொய் எழுதமாட்டான்னாரு. அதை நம்பித்தான் வாங்கினேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "மத்ததையும் படிச்சுட்டேன். மன்னிச்சுக்கோங்க" என்று தரையைப் பார்த்தார்.

குணமாகிவிட்டாள் என்று நான் சந்தோஷமாக எழுதியதுதான் அவளை விற்றுக் கொடுத்திருக்கிறது. குதிரை உங்களுடையது. நான் குறை சொல்லவில்லை.

தெருவில் இறங்கியதும் அவள் வழக்கம்போல ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்றாள். பால் ஊற்றிவிட்டு வருவார்கள் என்று காத்திருக்கிறாள், பாவம். அந்த ஆள் இழுத்துப் பார்த்தார், நகரவில்லை. நான்தான் கூடப் போய் வாசலுக்கு வாசல் ஒரு தட்டுத் தட்டி, "ஆச்சு, போ" என்று சொல்லிச் சொல்லி நடத்தினேன். கடைசி வீடு தாண்டியதும் அவளுக்குப் போகிற வழி புரியவில்லை. அந்த ஆள் கூப்பிட்ட பக்கம் போய்விட்டாள்.

உங்கள் சீட்டில் அத்தைக்கு என்று போடவில்லை. கீழே உங்கள் கையெழுத்தும் இல்லை. அவசரத்தில் விட்டிருப்பீர்கள் என்று நினைத்தேன். பிறகு அப்படி நினைப்பதை நிறுத்திவிட்டேன். நீங்கள் கண்ணை மூடினால் தெரிந்ததை நான் அழித்துவிட்டேன். எனக்கு மகள், உங்களுக்கு மனைவி. எந்தத் துக்கம் பெரிசு என்று தராசில் போட்டுப் பார்க்க நான் வரவில்லை.

குதிரையைச் சாக்காக வைத்துத்தான் இத்தனை நாள் எழுதிக்கொண்டிருந்தோம். இனி நீங்கள் எழுத ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் எழுதுங்கள். உங்களுக்கு வயசு இருக்கிறது. இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒருநாள் இன்னொருத்தியைக் கட்டத்தான் போகிறீர்கள். கட்ட வேண்டும். பெண் வீட்டில், மாப்பிள்ளைப் பக்கம் பெரியவர்கள் யார் என்று கேட்பார்கள். உங்களுக்கு யாரும் இல்லை. அன்றைக்கு ஒரு வரி போட்டால் நான் கிளம்பி வந்து உங்கள் பக்கத்தில் உட்காருகிறேன். யார் என்று கேட்டால் தெரிந்த அம்மா என்று சொல்லிவிடுங்கள். நான் வாயைத் திறக்கமாட்டேன்.

அத்தை