நீ தனியே பார்த்த மான்

நேற்றுப் பின்னேரம் கூர் என்கிற இந்த மலையூரின் ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தேன். பழைய நகரத்து உணவகமொன்றின் சமையலறைக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். சிவப்பு வைனில் ஊறிய மான் இறைச்சி அடுப்பில் கொதிக்கும் வாசம் தெருவுக்கு வந்தது. செப்டம்பர் பிறந்துவிட்டது. நான் நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்த பெண்ணின் தள்ளுவண்டி என் காலில் இடித்தது. மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான், கேட்டது அவள். மச்சான், நீ போன பிறகு வருகிற முதல் செப்டம்பர் இது. சண்டை பிடிக்க ஆளில்லாமல் இந்த ஊர் எனக்கு வெறிச்சென்று கிடக்கிறது.

எண்பதுகளின் நடுப்பகுதியில் நாங்கள் இருவரும் இந்த ஊர் ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் சட்டி கழுவினோம். நான் யாழ்ப்பாணப் பட்டினத்தான். நாலு மரம் சேர்ந்து நின்றால் அதைக் காடு என்கிறவன். நீ மன்னார்ப் பக்கம், முட்பற்றையும் வெடித்த குளமுமாய்க் கிடக்கிற வறண்ட காட்டில் மானும் காடையும் தேடித் திரிந்தவன். உன் வேட்டைக் கதைகளை எங்கள் அகதி விடுதியில் ஒரு பெடியனும் நம்பவில்லை. உனக்கு அண்டப்புளுகன் என்று பெயர் வைத்தவனே நான்தானே!

பெடியள் நம்பாதது பகிடி. மற்றது பகிடியில்லை. ஆமி உங்கள் ஊருக்குள் வந்த நாளில் நீ தனியே காட்டுக்குள் இறங்கி, பகலில் பதுங்கி இரவில் நடந்து கடற்கரைக்கு வந்து சேர்ந்தாய். இங்கே புகலிட விசாரணையில் அதைத்தான் சொன்னாய். சாட்சி ஒருவருமில்லை, அந்தக் காட்டில் ஒருவன் தனியே அவ்வளவு தூரம் நடந்திருக்க முடியாது, சொன்னது நம்பத்தக்கதல்ல என்று மறுத்துவிட்டார்கள். நீ மேன்முறையீடு செய்துவிட்டுக் காத்திருந்தாய். அதிலும் தோற்றால் விமானம் ஏற்றிவிடுவார்கள்.

அந்த நாட்களில்தான் ஊஸ்டர் என்கிற ஊரிலிருந்து உன் ஒன்றுவிட்ட அண்ணை விடுதித் தொலைபேசிக்கு எடுத்தார். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்கும்படி கத்தினார்.

“நானும் உன்னோட காட்டால வந்தனான் எண்டு சொல்லுறன். ரெண்டு பேர் சொன்னா நம்புவாங்களடா.”

“நீங்கள் அப்ப கொழும்பில எல்லோ இருந்தனீங்கள், அண்ணை.”

“அது அவங்களுக்குத் தெரியுமோ?”

“எனக்குத் தெரியுமே.”

நீ தொலைபேசியை வைத்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “உனக்கென்ன விசரோ? திருப்பி அனுப்பினா அங்க போய் உன்ர உண்மையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இரு!” என்று கத்தினேன். நீ சத்தம் போடவில்லை. “நடந்தது நான் மச்சான். நடந்தவன்ர சொல்லை நம்பட்டும்,” என்றாய். உன்னோடு கதைப்பதும் சுவரோடு கதைப்பதும் ஒன்றுதான்.

எங்கள் தலைமைச் சமையல்காரர் ஷெஃபுக்கு அந்தக் கோடையில் முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. வருடந்தவறாமல் செப்டம்பரில் வேட்டைக்குப் போகிற மனுஷன். நொண்டிக்கொண்டு மலையெல்லாம் ஏறி மானின் இடம் பார்க்க இம்முறை முடியாது. காட்டுப் பாதையில் கார் போகிற தூரத்துக்குப் பக்கமாக ஒரு கலைமான் வருகிற இடத்தை யாராவது பார்த்துச் சொன்னால், தடியை ஊன்றிக்கொண்டாவது போய்விடுவேன் என்றார். நீ சவர்க்கார நுரையோடு கையைத் தூக்கினாய். சமையலறையே சிரித்தது. ஷெஃப் சிரிக்கவில்லை. தன் தூரதரிசினிக் கண்ணாடியை உன் கழுத்தில் மாட்டி, “பார்த்ததை மட்டும் வந்து சொல்,” என்றார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து இரவு வேலை தொடங்கும்வரை கிடைக்கிற இடைவேளையை இங்கே சிம்மர்ஸ்துண்டே என்பார்கள். உலகத்துச் சமையல்காரர் எல்லாம் அந்த நேரம் நித்திரை கொள்வார்கள். நீ என்னை மலைக்கு இழுத்துப் போனாய். காட்டு வாசலில் ஒரு குழையை முறித்து மரக்கொப்பில் தொங்கவிட்டு, ஐயனாரைக் கும்பிட்ட பிறகுதான் உள்ளே கால் வைப்பாய். “ஐயனாருக்கு இஞ்ச விசா ஆர் குடுத்தது?” என்று கேட்பேன். உனக்குக் காது கேட்காது.

முதலில் நீ பிடித்த இடம் ஓர் ஓடை. “ஆவணியில மான் எங்க போகும்? தண்ணியடிக்குத்தான். தண்ணியைக் கண்டுபிடிச்சா மானைக் கண்டுபிடிச்ச மாதிரி,” என்றாய். நாட்கணக்காக அந்த ஓடைக்கரையில் பற்றைக்குள் குந்தியிருந்தோம். வந்தது நாயோடு உலாவுகிற ஒரு கிழவர்தான். அவர் எங்களைக் கண்டு பயந்து, பிறகு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். ஷெஃபிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். “இந்த மலையில் காலை வைக்கிற இடமெல்லாம் தண்ணீர். எந்த மான் உன் ஓடைக்குத் தேடி வரும்?” என்றார். மன்னாரில் சரியாக இருந்தது கூரில் பிழையாகிவிட்டது. நானென்றால் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். நீ அடுத்த நாளே வெயில் பக்கத்துச் சரிவுக்கு ஏறினாய். பைன் மரமும் சரளைக்கல்லும் காய்ந்த புல்லுமாய் இருந்தது. “இது எங்கட பக்கம் மாதிரிக் கிடக்கு,” என்று உனக்குச் சந்தோஷத்தில் ஒரே புழுகம்.

அங்கேதான் என் காலடியிலிருந்து ஏதோ ஒரு பறவை படபடவென்று எழும்ப, நான் தொப்பென்று நிலத்தில் இருந்துவிட்டேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். “காடையின்ர சொந்தக்காரனடா அது! அதுக்கே பயந்தனி?” அதன் பிறகு விடுதியில் என் பெயர் காடை. உன் பெயரை நான் வைத்ததற்குப் பழி தீர்த்துவிட்டாய்.

மழை பெய்த மறுநாள் நீ குனிந்து நின்றாய். காட்டுக் கார்ப்பாதைக்குச் சற்று மேலே மேய்ப்பன் மாடுகளுக்காகத் தட்டைக்கல் ஒன்றின்மேல் உப்புக் கட்டி வைத்திருந்தான். சுற்றிலும் சேறு. மாட்டின் அகன்ற குளம்படிகளுக்கு நடுவே ஒடுக்கமாகக் கூராக இன்னொன்று. பக்கத்தில் புழுக்கை. “மாடு இறங்கினாப் பிறகு ஆரோ வந்து நக்கிப்போட்டுப் போறார்,” என்றாய். மாடுகள் இறங்கும் நேரம் எங்களுக்கு வேலை நேரம். உன் விடுமுறை நாளில் நீ மட்டும் போனாய். எனக்குக் கல்யாண விருந்துச் சட்டிகள்.

அன்றிரவு பின்கதவால் ஓடி வந்தாய். “கொம்பன் மச்சான்! உப்புக் கல்லடியில! கண்டனான்!”

“வேற ஆர் கண்டது?” என்று வாய் தவறிக் கேட்டேன்.

உன் முகம் விழுந்துவிட்டது. “இதைத்தானே அவங்களும் கேட்டவங்கள்,” என்றாய்.

“சரி விடு, நானும் உன்னோட நிண்டு கண்டனான் எண்டு ஷெஃபிட்டைச் சொல்லுறன்,” என்றேன்.

“சொல்லாதை!” நீ என்னைக் கோபித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். “நீ பாக்கேல்லை. நீ பொய் சொல்லி அவர் வந்தா, நான் கண்டது காணாததாப் போயிடும். என்ர சொல்லுக்கு வந்தா வரட்டும். இல்லாட்டி விடட்டும்.”

காலையில் நீ ஷெஃபிடம் சொன்னாய். எல்லோரும் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டார்கள். ஷெஃப் என் பக்கம் திரும்பி, “நீயும் பார்த்தாயா?” என்றார். ஓம் என்ற சொல் என் நுனி நாக்கில் நின்றது. உன்னைப் பார்த்தேன். நீ நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

“இல்லை. இவன் மட்டும்தான் பார்த்தான்,” என்றேன். பிறகு, யாரும் கேட்காமலே, என்னுடைய நொண்டி ஜெர்மனில், “நான் இவனை நம்புகிறேன்,” என்றேன். ஷெஃப் சுவரிலிருந்த நாட்காட்டியைத் திருப்பினார். “அடுத்த லீவு நாளில் போவோம்,” என்றார்.

மூன்று பேரும் போனோம். நீ குழை முறித்துக் கட்டியபோது நான் வெட்கப்பட்டேன். ஷெஃப் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். இங்கேயும் வேட்டையாடியவன் விழுந்த மானின் வாயில் ஒரு குழை வைப்பான் என்று மெல்லச் சொன்னார். மாடுகள் மணிச்சத்தத்தோடு இறங்கிப் போயின. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. உப்புக் கல் வெறுமனே கிடந்தது. ஐயோ, வராவிட்டால் இவன் நாளைக்கு எந்த முகத்தோடு சட்டி கழுவுவான் என்று பயந்தேன். தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டேன்.

அது வந்தது. சத்தமேயில்லை. மரங்களுக்கிடையில் கொம்பு தெரிந்தது, பிறகு கழுத்து, பிறகு முழு உடம்பும். ஷெஃப் கண்ணாடிக்குள் பார்த்தார், கீழே இறக்கவே மனமில்லாமல் பார்த்தார். பிறகு எனக்குத் தந்தார். நான் பார்த்துவிட்டு உனக்கு நீட்டினேன். நீ மானைப் பார்க்கவில்லை. எங்கள் இருவருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் கன்னம் நனைந்திருந்தது.

“அழுறியோ?” என்று கேட்டேன்.

“பேசாதை. ஓடீடும்,” என்றாய்.

செப்டம்பரில் ஷெஃப் அதைச் சுட்டார். சமைத்த அன்று வெள்ளிக்கிழமை என்று நான் மச்ச மாமிசம் தொடவில்லை. நீ என் பங்கையும் சேர்த்துத் தின்றாய்.

உன்னை மறுபடி விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அதுவரை ஊஸ்டர் அண்ணை கெஞ்சிக்கொண்டே இருந்தார். ஷெஃப் உன்னோடு ரயிலில் வந்தார். அவரை உள்ளே விடவில்லை. வெளியே மரவாங்கில் காலை நீட்டிக்கொண்டு இருந்தாராம். நீ திரும்பி வந்ததும் நாங்கள் சுற்றி வளைத்துக்கொண்டோம்.

“காட்டுக்குள்ள உம்மை ஆர் கண்டது எண்டு திருப்பியும் கேட்டவை. ஒருத்தரும் இல்லை, நான் தனியத்தான் எண்டு சொன்னனான்.”

“வேற என்ன சொன்னனி?”

“வேற என்ன கிடக்குச் சொல்ல?”

நீண்ட காலத்துக்குப் பிறகு, நீ இந்த நாட்டில் இருக்கலாம் என்று முடிவு வந்தது. உன்னை நம்பினார்களா, அல்லது நாட்டு நிலைமையைப் பார்த்துத்தான் விட்டார்களா, எனக்கு இன்றுவரை தெரியாது. நீ மட்டும் “நம்பிட்டாங்கள்” என்றாய். அதை நான் ஒருநாளும் மறுத்துக் கதைக்கவில்லை. உன்னோடு நான் மறுத்துக் கதைக்காதது அது ஒன்றுதான். இந்த மாசியில் உன் நெஞ்சு நின்றுபோவதற்கு முன், ஆஸ்பத்திரியில் நீ கடைசியாகக் கேட்டது, பனி கரைந்ததும் அந்தச் சரிவுக்கு ஒருக்கா ஏறுவோமா என்பதுதான்.

நான் இப்போது என்ன வேலை செய்கிறேன் என்று உனக்குத் தெரியும். புகலிடம் கேட்டு வருகிறவர்களின் தமிழை ஜெர்மனில் சொல்கிறேன். நேற்றும் ஒரு விசாரணை முடித்துத்தான் ரயிலில் வந்தேன். மெலிந்த பெடியன், பேச்சில் முல்லைத்தீவுச் சாயல். தனியே காடு கடந்து நடந்து வந்ததைச் சொன்னான். யார் பார்த்தது என்று கேட்டார்கள். அவன் என்னைப் பார்த்தான். கொஞ்சம் கூட்டிச் சொல்லுங்கோ அண்ணை என்று அந்தக் கண் கெஞ்சியது. நான் வாயைத் திறக்காமல் காத்திருந்தேன். கடைசியில் அவனே, “ஒருத்தரும் இல்லை. நான் தனியத்தான் நடந்தனான்,” என்றான், மெல்ல, குற்றம் செய்தவன் போல.

நான் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை மச்சான். ஆனால் அந்தச் சொல்லைக் குனிந்துகொண்டு சொல்ல என்னால் முடியவில்லை. நிமிர்ந்திருந்து, அவர்கள் முகத்தைப் பார்த்து, அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்: ஒருவரும் இல்லை. இவர் தனியேதான் நடந்தார்.