ஆர்லிஸ் வார்த்த குண்டுகள்

லூயிஸ்டவுன், மொன்டானா
6 பிப்ரவரி 1994

அன்புள்ள கிளேட்டன்,

அலாஸ்காவில் மீன் ஆலை வேலை உன் முதுகுக்கு ஒத்துக்கொள்கிறதா? இங்கே பனி வேலிக் கம்பத்தில் பாதிவரை நிற்கிறது.

நீ அனுப்பிய விவாகரத்துத் தாள் வந்து சேர்ந்தது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை. மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

இப்போது எழுதுவது வேறு விஷயம். நீ வார்த்து வைத்துவிட்டுப் போன குண்டுகள் தீர்ந்துவிட்டன. துப்பாக்கி கிளப்பில் ராஸ்கோ எல்லார் முன்னாலும் சொன்னான்: "இத்தன நாள் சுட்டது கிளேட்டனோட குண்டு. இனிமே ஆர்லிஸ் என்ன பண்ணுவா, பாவம்." பாவம் என்றதுதான் எனக்குச் சுருக்கென்றது. கடையில் வாங்கிச் சுடலாம். அப்போதும் அவன் பேச்சுதான் நிற்கும்.

அதனால் கொட்டகைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, உன் அச்சில் நானே வார்க்க ஆரம்பித்துவிட்டேன். டயர் கடை ஆர்வில், சக்கரம் ஆடாமலிருக்க மாட்டிப் பிறகு கழற்றிப்போட்ட ஈயக் கட்டிகளை ஒரு வாளி நிறையக் கொடுத்தார். ஆனால் வருகிற குண்டெல்லாம் வாடிய உருளைக்கிழங்கு மாதிரி சுருங்கி வருகிறது. நீ வெள்ளீயம் எவ்வளவு சேர்ப்பாய்? எழுது.

உன்
ஆர்லிஸ்

கோடியாக், அலாஸ்கா
27 பிப்ரவரி 1994

அன்புள்ள ஆர்லிஸ்,

கடிதம் படித்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தேன். ஈயத்தை உருக்குவது சூப்பு வைப்பது மாதிரி இல்லை, பெண்ணே. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே விழுந்தால் மொத்தமும் முகத்தில் தெறிக்கும். எனக்கு இது கைவரப் பல வருஷம் ஆனது. உனக்கு எதற்கு இந்தப் பாடு? இங்கே ஒருவனிடம் அச்சு இருக்கிறது. நானே ஒரு பெட்டி வார்த்து அனுப்புகிறேன். ராஸ்கோ வாயை மூடிவிடுவான்.

வெள்ளீயக் கணக்கு உனக்குத் தேவைப்படாது.

அந்தத் தாளுக்கு அவசரமில்லை. ஆனால் போட்டு அனுப்பிவிட்டால் இரண்டு பேருக்கும் நல்லது.

கிளேட்டன்

லூயிஸ்டவுன்
20 ஜூன் 1994

அன்புள்ள கிளேட்டன்,

உன் பெட்டி மார்ச்சில் வந்தது. நூலைக்கூட அவிழ்க்காமல் கொட்டகையில் வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

கோளாறு வெள்ளீயத்தில் மட்டும் இல்லை. அச்சு ஜில்லென்று இருந்தது. அதன் மூலையை உருகிய ஈயத்தில் கொஞ்ச நேரம் பிடித்துச் சூடேற்றினேன், சுருக்கம் போய்விட்டது. அப்புறம் சூடு மிஞ்சி, குண்டெல்லாம் உறைபனி படிந்த மாதிரி வெளுத்தது. அடுப்பைத் தணித்தேன். தேன்மெழுகு ஒரு துண்டு போட்டுக் கிளறி, மேலே மிதந்த அழுக்கை வழித்துவிட்டு ஊற்றிப் பார்த்தேன். ஒருநாள் அச்சைத் திறந்தபோது வெள்ளிக்காசு மாதிரி பளபளவென்று ஒன்று துணிமேல் விழுந்தது. அடிப்பாகத்து விளிம்பு கத்தி மாதிரி கூர்மை. யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருந்தது. ஆர்வில் கடைக்கே எடுத்துக்கொண்டு போனேன். அவர் விரலில் உருட்டிப் பார்த்து, "வித்துடாத. இத நீயே சுடு" என்றார்.

நேற்றுதான் மாவட்டப் போட்டி. இரும்புத் தகட்டில் வெட்டி நிறுத்திய கோழியும் பன்றியும் சுமாராகத்தான் விழுந்தன. ஐந்நூறு மீட்டரில் நிற்கும் இரும்பு ஆட்டுக்கடாக்களில் நானும் ராஸ்கோவும் சமம். கடைசிக் குண்டு. காற்று இடப்பக்கமிருந்து அடித்தது. ராஸ்கோ முதலில் சுட்டான், தவறியது. நான் புல் அசைவது அடங்கும்வரை காத்திருந்து சுட்டேன். புகை கலையும் முன்பே கடா சாய்ந்துவிட்டது, கிளேட்டன். குண்டு இரும்பில் பட்ட சத்தம் பிறகுதான் வந்து சேர்ந்தது.

ராஸ்கோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தான். "யார் வார்த்தது?" என்று கேட்டான். நான் சொன்னேன். அவன் கை குலுக்கிவிட்டு, "அப்ப எனக்கும் கொஞ்சம் வார்த்துக் குடு" என்றான்.

ஆர்லிஸ்

கோடியாக்
9 ஜூலை 1994

என் அருமை ஆர்லிஸ்,

ஆலை முழுக்கச் சொல்லிவிட்டேன். "எம் பொண்டாட்டி ஜெயிச்சுட்டா, எல்லாரையும் கவுத்துட்டா" என்று சாப்பாட்டு மேஜையில் நான் எழுந்து நின்றே சொன்னேன். ஃபோர்மேன்கூடக் கை தட்டினான். நம் அச்சு எப்படிப்பட்டது என்றும் சொன்னேன்.

மீன் பருவம் முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். நான் வார்க்கிறேன், நீ சுடு. மாநிலத்திலேயே நம்மை அடிக்க ஆள் இருக்காது. அந்தத் தாளைக் கிழித்துப் போடு.

என்றும் உன்
கிளேட்டன்

லூயிஸ்டவுன்
24 ஜூலை 1994

அன்புள்ள கிளேட்டன்,

மேஜையில் எழுந்து நின்று சொன்னாய் என்று படித்தபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்லமாட்டேன். கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன். நீ திரும்பி வந்தால் உனக்கு என்னென்ன கிடைக்கும் என்று எல்லாம் அதில் இருக்கிறது. எனக்கு என்ன கிடைக்கும் என்று தேடினேன், காணோம்.

தாளில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். இந்தத் தடவை மனசு வந்தது.

அச்சு உன்னுடையது. துடைத்து, எண்ணெய் பூசித் தனியாக அனுப்பியிருக்கிறேன். எனக்கு ஒன்று புதிதாக வாங்கிவிட்டேன். கூடவே என் குண்டுகள் கொஞ்சம் போட்டிருக்கிறேன். சுட்டுப் பார்த்து எப்படி என்று எழுது, சுடுகிறவன் சுடுகிறவளுக்கு எழுதுவது மாதிரி. பதில் போடுவேன்.

கிளப் பலகையில் ஜெயித்தவர் பெயரை எழுத வேண்டும், என்ன பெயர் போடட்டும் என்று ராஸ்கோ தூரிகையோடு வந்து கேட்டான். என் அப்பா வீட்டுப் பெயரைச் சொன்னேன். பெயிண்ட் காயும்வரை அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடிதத்தில் அந்தப் பெயரை முதன்முதலாக உனக்குத்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு
ஆர்லிஸ் டோலெஃப்சன்