ஒன்பதாம் விதி

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே அம்மா சுகம், நான் ஏறக்குறைய சுகம், அங்கே நீ முழுச் சுகமாக இருப்பாய் என்று இப்போது தைரியமாகவே எழுதுகிறேன், காரணம் கீழே வரும். நேற்று நீ போன் பண்ணியபோது அப்பா பேசவில்லையே என்று கோபித்துக்கொள்ளாதே, எனக்குக் குரல் போய்விட்டது. உன் அம்மாவுக்கு ஒரே கொண்டாட்டம், "கல்யாணமான நாள்லேருந்து இன்னிக்குத்தான் வீடு வீடா இருக்கு" என்கிறாள். போகட்டும், எழுதத்தான் கற்றுக்கொண்டேனே. இந்தக் கடிதத்துக்கு எனக்கு ஒரு முழு நாள் ஆகும், நீ ஒரே மூச்சில் படித்துவிடாதே.

நான் எழுத்துக்கூட்டிப் பழக வேண்டும் என்று நீ கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து, விதிகளைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சடித்து அனுப்பினாயே, ஒரே ஆள் பகடையும் பேனாவும் வைத்துக்கொண்டு ஆடுகிற ஆட்டம், அதைப் பற்றித்தான். பாழடைந்த ஓட்டலில் ஒரு பயணி மாடி மாடியாக இறங்க வேண்டும், மாடிக்கு ஒரு முறை பகடை உருட்ட வேண்டும், விழுந்த எண்ணுக்கு எதிரே எழுதியிருப்பது பயணிக்கு நடக்கும், கெட்டது நடந்தால் நான்கு உயிர்க் கட்டங்களில் ஒன்றை அடிக்க வேண்டும், நான்கும் போனால் பயணி திரும்புவதில்லை. நாற்பது வருஷம் லிஃப்ட் ஓட்டியவனுக்கு மாடி இறங்கச் சொல்லித்தர வேண்டுமா. எண்கள் அப்போதே தெரியும், எழுத்துதான் தகராறு. நாளுக்கு ஒரு விதி என்று படித்துக்கொண்டே, முழுதும் படிக்குமுன் ஆட ஆரம்பித்துவிட்டேன், அதுதான் நான் செய்த பிசகு. பயணியின் பெயரை எழுது என்றது முதல் விதி. அப்போது எனக்கு எழுதத் தெரிந்த பெயர் ஒன்றுதான், உன் பெயர்.

முதலில் மூன்று விழுந்தது, பயணியின் இடது கால் படியில் மடங்குகிறது என்றிருந்தது, சிரித்துக்கொண்டே கட்டத்தை அடித்தேன். இரண்டாம் நாள் நீ ஆபீஸ் படியில் இடது கால் பிசகியது என்றாய். அடுத்தது சாவி தொலைகிறது. அந்த வாரமே நீ மழையில் உன் வீட்டு வாசலில் நின்றாய். அடுத்தது குரல் போகிறது. ஞாயிற்றுக்கிழமை போனில் உன் மூச்சு மட்டும்தான் கேட்டது. உன் அம்மாவிடம் சொன்னேன். "மழையில நனைஞ்சா தொண்டை கட்டாம பாட்டா வரும்? காகிதத்தைப் பார்த்துப் பயப்படுற ஆளை இப்பத்தான் பாக்கறேன்" என்றாள். ஆனால் ராத்திரி மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து மூடும் பகடை, காலையில் தானாக மேஜைமேல் வந்திருந்தது. தாளைக் கிழிக்கப் போனேன். தாளைக் கிழித்தால் நான்கு கட்டமும் போனதாக ஆகும் என்று ஏழாம் விதி. அதற்கப்புறம் எட்டு நாள் உன் போன் வரவில்லை. மிச்சம் ஒரே கட்டம். பதற்றத்தில் தெரிந்த எழுத்தும் மறந்துபோய், ஒரு வாரம் பிடித்து ஒன்பதாம் விதிக்கு வந்தேன். பயணியை மாற்றலாம், பட்ட அடியெல்லாம் புதியவரைச் சேரும் என்றிருந்தது.

உடனே எனக்கு எழுத்துச் சொல்லித்தரும் தையற்கடை டீச்சரிடம் ஓடி என் பெயரை எழுதித் தரச் சொன்னேன். "கைநாட்டு வச்சே காலத்தை ஓட்டிட்டு இப்ப என்னங்கய்யா அவசரம், சம்பந்தம் பேசப் போறீங்களா?" என்று சிரித்தாள். நாற்பது தடவை எழுதிப் பார்த்தேன். நேற்றுக் காலை உன் பெயரை அடித்துவிட்டுப் பக்கத்தில் என் பெயரை எழுதினேன். மத்தியானம் குளியலறைப் படியில் இடது கால் மடங்கியது. அலமாரிச் சாவியைக் காணோம். சாயங்காலம் குரல் போனது. அப்போதுதான் நீ கூப்பிட்டாய். "குரல் மணி மாதிரி இருக்குங்க, கால் வலியும் போச்சாம்" என்றாள் அம்மா. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வீட்டைச் சுற்றி வந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

பகடையை அம்மா உப்பு ஜாடிக்குள் போட்டு இறுக மூடிவிட்டாள். உள்ளே அது உருளுகிறது. எனக்குக் கேட்கிறது, அவளுக்குக் கேட்கவில்லை. உருளட்டும்.

வேளைக்குச் சாப்பிடு, படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கு, நூறு வயது நன்றாக இரு. ஒன்றே ஒன்று மறக்காதே. எந்தத் தகவல் வந்து நீ இங்கே ஓடிவந்தாலும் அந்தத் தாளில் பேனா வைக்காதே. நீ என் மகள், செய்யக்கூடியவள். அதில் இருக்கும் பெயர் நான் முதல்முதலாக எழுதிய என் பெயர், அதை அடிக்கிற உரிமை உனக்கு இல்லை.

இப்படிக்கு, கைநாட்டு இல்லாமல் கையெழுத்துப் போட்டு,
உன் அப்பா